ஏறுவதற்கு ஏணி, தேய்ப்பதற்கு மேடை

வாசகர் கேள்வி – பதில்

கோடை முழுவதும் சாலையில் ஓடிய டிராவல் டிரெய்லர்களை, அதாவது வண்டியில் இணைத்து இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளை, குளிர்காலத்துக்கு மூடி நிறுத்துவதற்கு முன் கழுவி வாக்ஸ் போடும் பருவம் இது. கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே கவலைதான் வெவ்வேறு சொற்களில் கேட்கப்பட்டிருக்கிறது: கைக்கு எட்டாத உயரத்தை எப்படி எட்டுவது? ஆகவே இந்த இதழில் இப்பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்களிடம் 26 அடி நீளமுள்ள, ஃபைபர்கிளாஸ் சுவர் கொண்ட டிரெய்லர் இருக்கிறது. கூரையின் ஓரம் தரையிலிருந்து ஏறக்குறைய 10 அடி உயரத்தில் உள்ளது. எட்டடிப் படி ஏணி ஒன்றை வைத்துக்கொண்டு ஏறி, கைக்கு எட்டிய அளவு தேய்த்து, இறங்கி, ஏணியை நகர்த்தி மீண்டும் ஏறுகிறேன். சென்ற முறை வாக்ஸைத் துடைத்து மெருகேற்றும்போது ஏணி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது, விழாமல் தப்பினேன். இன்னும் பெரிய ஏணி வாங்கினால் இது தீருமா?
— ஒரு வாசகர், மிசிசாகா

பதில்: தீராது ஐயா. பெரிய ஏணி உங்களை இன்னும் உயரத்தில் அதே நிலையில் நிறுத்தும், அவ்வளவுதான். வாக்ஸ் போடுவது சுவரை அழுத்தித் தள்ளும் வேலை. கை சுவரை எவ்வளவு அழுத்துகிறதோ, அதே அளவு சுவர் உடம்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தரையில் நிற்கும்போது ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, இடுப்பைக் கொடுத்து நாம் அதைத் தாங்கிக்கொள்கிறோம்; அப்படித் தாங்குவது நமக்கே தெரிவதில்லை. படி ஏணியில் இரண்டு பாதங்களும் ஒரே குறுகிய படியில் ஒட்டி நிற்கின்றன. முன்கால், பின்கால் என்று வைக்க இடமில்லை. அந்தத் தள்ளல் முழுவதும் ஏணியின் கால்களுக்கு இறங்குகிறது. வட்டமாகத் தேய்க்கும்போது தள்ளலின் திசையும் நொடிக்கு நொடி மாறுவதால், ஏணியின் ஒரு கால் இலேசாகத் தூக்கி, சற்றுத் தள்ளி உட்காரும். உங்களுக்கு நேர்ந்தது அதுதான். ஏணி ஏறுவதற்கும் இறங்குவதற்கும், மேலே ஒரு பொருளை ஒரு கையால் எடுத்து வைப்பதற்கும் உரிய கருவி. இரண்டு கைகளாலும் அழுத்தித் தேய்ப்பதற்குத் தட்டையான, பாதம் நகர்த்தி நிற்கக்கூடிய மேடை வேண்டும்.

எவ்வளவு உயரமான மேடை என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் கையை முழுதாக உயர்த்தினால் விரல் நுனி ஏறக்குறைய 7 அடியைத் தொடும். ஆனால் தொடுவது வேறு, அழுத்தித் தேய்ப்பது வேறு. நெற்றிக்குச் சற்று மேல் வரைதான், அதாவது ஏறக்குறைய 6 அடி வரைதான், தோளுக்குச் சிரமமில்லாமல் வலுக்கொடுத்துத் தேய்க்க முடியும். ஆகவே தரையில் நின்றபடி சுவரின் கீழ் 6 அடியை முடித்துவிடலாம். அடுத்ததாக, உட்சுவர்ப் பூச்சு வேலை செய்பவர்கள் பயன்படுத்தும், மடக்கி வைக்கக்கூடிய அலுமினிய நிற்பலகை கடைகளில் கிடைக்கிறது. ஏறக்குறைய 20 அங்குல உயரம், ஓரடிக்கு மேற்பட்ட அகலம், மூன்றரை அடி முதல் 4 அடி வரை நீளம். அதன்மேல் நின்றால் எட்டடிக்குச் சற்றுக் குறைவான உயரம் வரை அதே சௌகரியம் கிடைக்கும். ஒரே இடத்தில் நின்று மூன்றடி நான்கடிப் பரப்பை முடிக்கலாம் என்பதால் இறங்கி ஏறும் தொல்லையும் பாதியாகக் குறைகிறது. விலை அதிகமில்லை. டிரெய்லர் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இது ஒன்று இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எஞ்சுவது மேலே உள்ள இரண்டடி. அதற்கு மூன்றரை அடி முதல் 4 அடி உயரத்தில் நிற்க வேண்டும். அந்த உயரத்தில் கைப்பிடிக் கம்பி இல்லாத பலகையின்மேல் நின்று பின்னோக்கி நகர்ந்து வேலை செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இங்கேதான் சக்கரம் வைத்த சிறு சாரம் உதவும். வீட்டுப் பொருள் கடைகளிலும் வாடகைக் கடைகளிலும் கிடைக்கும் இச்சாரம் ஆறடி நீளம், இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைவான அகலம் கொண்டது. பலகையை வேண்டிய உயரத்தில் பூட்டிக்கொள்ளலாம். நாள் வாடகைக்கு எடுத்தால் போதும், வாங்கி வைக்க இடம் தேடவேண்டியதில்லை. எடுக்கும்போது பக்கக் கைப்பிடிக் கம்பிகளையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். கடையில் தாமாகத் தருவதில்லை. நான்கு சக்கரங்களின் பூட்டையும் மிதித்துப் பூட்டிய பிறகே ஏறவேண்டும். ஆள் மேலே நிற்கும்போது யாரும் சாரத்தை நகர்த்தக்கூடாது, மேலே நிற்பவர் டிரெய்லரைப் பிடித்து இழுத்துத் தாமே நகர்ந்துகொள்வதும் கூடாது. பின்னது மிகச் சாதாரணமாகச் செய்யப்படும் தவறு. பாதை கான்கிரீட்டாகவோ தாராகவோ சமமாக இருந்தால்தான் இந்தச் சாரம். சாய்வான டிரைவ்வேயிலும் புல்தரையிலும் அது உதவாது.

ஆனால் இவ்வளவையும் கழுவுவதற்கே செய்யவேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சுவரைக் கழுவும் வேலை முழுவதையும் தரையில் நின்றே முடிக்கலாம். நீண்டு சுருங்கும் கழியின் முனையில் நுனி பிளந்த மென்மையான தூரிகை பொருத்தப்பட்டு, கழிக்குள்ளேயே தண்ணீர் ஓடும் வகை கிடைக்கிறது. கழி எட்டடிக்கு மேல் நீண்டால் முனை துவண்டு தோள்வலிதான் மிஞ்சும். உங்கள் டிரெய்லருக்கு ஆறடிக் கழி போதும். கழியை நேர் செங்குத்தாகப் பிடித்தால் சோப்புத் தண்ணீர் கையோடு வழிந்து முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும், கண்ணிலும் விழும்; ஓரடி இரண்டடி தள்ளி நின்று சாய்த்துப் பிடியுங்கள், பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் கூரை (அதைக் கழுவும் முறையை அடுத்த பதிலில் சொல்கிறேன்), பிறகு சுவர் என்பதே வரிசை. கூரையைக் கழுவும்போது சுவரைத் தண்ணீரால் நனைத்தபடியே வைத்திருந்தால் மேலிருந்து இறங்கும் அழுக்கு காய்ந்து கோடாக ஒட்டாது. சுவரில் சோப்பைக் கீழிருந்து மேலாகப் போட்டு, மேலிருந்து கீழாக அலசவேண்டும். கூரையின் ஓரத்திலுள்ள மழைநீர்க் குழல்வாய்களுக்குக் கீழே படிந்திருக்கும் கருங்கோடுகளைத் தனியாகக் கவனியுங்கள். அவை ஒரு தேய்ப்பில் போகாது என்பதால்தான் பலர் ஏணியில் ஏறி எட்டி எட்டித் தேய்த்து விழுகிறார்கள். கருங்கோட்டுக்கென்றே விற்கும் நீர்மத்தைக் கழித்தூரிகையால் பூசி, போத்தலில் குறித்துள்ள நேரம் ஊறவிட்டால் மென்மையாகத் தேய்த்தாலே கரையும்.

வாக்ஸ் விஷயத்தில் ஓர் ஏற்பாட்டைச் சொல்கிறேன். கூழ்மமாக டப்பியில் வரும் வாக்ஸைக் கழியால் நன்றாகத் துடைத்து மெருகேற்ற முடியாது. தெளிக்கும் வகை வாக்ஸையோ பாலிமர் பூச்சையோ தட்டையான மைக்ரோஃபைபர் துடைப்பத்தின்மேல் தெளித்து, கழியில் மாட்டிப் பூசி, உலர்ந்த இன்னொரு துடைப்பத்தால் துடைக்க முடியும். சுவரை நோக்கி மேலே தெளிக்காமல் துணியின்மேல் தெளிப்பது முக்கியம். இல்லாவிட்டால் பாதி உங்கள் முகத்துக்கு வரும். இப்பூச்சு கூழ்ம வாக்ஸ் அளவுக்கு நீடிப்பதில்லை. ஆனால் வெயிலை அதிகம் வாங்குவது சுவரின் மேல்பகுதிதான். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை சாரத்தை வாடகைக்கு எடுத்து மேல் பகுதிக்கு முழுமையான வாக்ஸ் போடுங்கள். இடையில் ஒன்றிரண்டு முறை கழியால் தெளிப்பு வாக்ஸ் போடுங்கள். சாரம் எடுக்கும் நாளில் சுவரை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். விரலில் சுண்ணாம்புபோல் வெண்தூள் ஒட்டினால் ஃபைபர்கிளாஸின் பளபளப்பான மேற்பூச்சான ஜெல் கோட் வெளுத்துப்போயிருக்கிறது என்று பொருள். அதன்மேல் வாக்ஸ் பூசிப் பயனில்லை, முதலில் பாலிஷ் செய்து அந்தத் தூள் படலத்தை எடுக்கவேண்டும். அதற்குச் சுழல் இயந்திரம் தேவைப்பட்டால் அது மேடையில் நிற்கும்போது மட்டுமே கையில் இருக்கட்டும். ஏணியில் நின்று ஒரு கையால் இயந்திரத்தைப் பிடிக்கவே கூடாது. அது சுவரில் பட்டுத் திமிறும் நொடியில் பிடிப்பதற்கு இன்னொரு கை இருக்காது.

கேள்வி: என் கணவருக்கு வயது 67. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறார். ஆண்டுதோறும் டிரெய்லரின் பின்புறத்தில் பொருத்தியுள்ள ஏணி வழியாகக் கூரைமேல் ஏறி, தண்ணீர்க் குழாயையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவுகிறார். "கூரை ஆள் நடக்கும்படி கட்டியதுதான்" என்று சொல்லி என் பேச்சைக் கேட்பதில்லை. நான் பயப்படுவது தேவையற்றதா?
— ஒரு வாசகி, எட்மன்டன்

பதில்: தேவையற்றதே அல்ல அம்மா; உங்கள் பயம் நியாயமானது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தலையில் அடிபட்டால் உள்ளே இரத்தம் கசியும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். வெளியே காயமே தெரியாதபோதும், அடிபட்டவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும்போதும், உடனே மருத்துவமனைக்குப் போயாகவேண்டும். பத்தடி உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விழுவதை அவர் தம் உடம்பின் இந்த நிலைமையோடு சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும். இரத்த அழுத்த மாத்திரையும் எடுப்பவரானால் குனிந்து நிமிரும்போது வரும் தலைசுற்றலும் உண்டு.

அவர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. பல டிரெய்லர்களின் கூரை ஆள் நடப்பதைத் தாங்கும்படிதான் கட்டப்பட்டிருக்கிறது. உங்களுடையது அப்படியா என்பது உரிமையாளர் கையேட்டில் இருக்கும். ஆனால் கூரை ஆளைத் தாங்குவது வேறு, ஆள் கூரையில் வழுக்காமல் நிற்பது வேறு. இன்றைய டிரெய்லர்களின் கூரைகளில் பெரும்பாலானவை ஈபிடிஎம் என்ற இரப்பர் விரிப்பாலோ டிபிஓ என்ற பிளாஸ்டிக் விரிப்பாலோ மூடப்பட்டவை. சோப்புத் தண்ணீர் பட்டால் இரண்டுமே கால் வைக்க முடியாதபடி வழுக்கும். போதாததற்கு எட்டடி அகலத்தில் காற்றுத்துளை மூடிகள், ஏசி பெட்டி, சூரிய ஒளிக் கண்ணாடி, ஆன்டெனா எல்லாம் இருக்கும். இவற்றுக்கு நடுவே இழுபடும் தண்ணீர்க் குழாய் காலைத் தட்டும். ஓரத்தில் பிடிக்க ஒரு கம்பிகூட இல்லை.

அவருக்கு நீங்கள் சொல்லக்கூடிய மாற்று வழி ஒன்று உண்டு; கௌரவக் குறைவு எதுவும் அதில் இல்லை. டிரெய்லரின் அகலம் எட்டடி அல்லது எட்டரை அடிதான். பக்கவாட்டில் கைப்பிடிக் கம்பி உள்ள மேடையில் நின்றால், ஒரு பக்கத்திலிருந்து நான்கு, நான்கரை அடி தூரம் கழித்தூரிகையை நீட்டிக் கழுவலாம். பிறகு மறுபக்கத்திலிருந்து மீதி. கூரையின் நடுவில் தூரிகைகள் சந்தித்துவிடும். கூரைமேல் கால் வைக்கவே தேவையில்லை. இரப்பர் கூரைக்கு வாக்ஸ் போடவேண்டியதும் இல்லை, போடவும் கூடாது. மென்மையான சோப்பு போதும். பெட்ரோலியக் கரைப்பான் கலந்த துப்புரவு நீர்மங்களும் ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய் சேர்ந்தவையும் ஈபிடிஎம் விரிப்பை உப்பவைத்துக் கெடுத்துவிடும்.

கூரையில் ஏறியே ஆகவேண்டிய வேலை ஒன்று உண்டு: மூடிகளைச் சுற்றியும் விளிம்புகளிலும் உள்ள சீலன்ட் (நீர் புகாமல் இடுக்கை அடைக்கும் பசை) வெடித்திருக்கிறதா என்று பார்ப்பது. அதை விட்டுவிட்டால் தண்ணீர் இறங்கி மரச்சட்டம் அழுகும். ஆனால் அதைக் கழுவும் நாளில் செய்யவேண்டாம். கூரை முழுதாக உலர்ந்த, காற்றில்லாத வேறொரு நாளில் செய்யலாம். உங்கள் கணவரின் நிலையில் மகனோ மருமகனோ பழுதுபார்க்கும் நிலையத்தாரோ செய்யட்டும். யார் ஏறினாலும் இரப்பர் அடியுள்ள காலணி போட்டு, முழங்காலிட்டு நகர்ந்து, அகலமான ஒட்டுப்பலகைத் துண்டை முன்னே போட்டு அதன்மேல் எடையைப் பரப்பவேண்டும். ஏணியிலிருந்து தொலைவில் உள்ள முனையில் தொடங்கி ஏணியை நோக்கி வந்தால், இறங்கும் இடம் எப்போதும் அருகிலேயே இருக்கும்.

பின்புற ஏணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது செங்குத்தாக நிற்பது. அதன் திருகாணிகள் பிடித்திருப்பதோ மெல்லிய சுவரை. எவ்வளவு எடை தாங்கும் என்பதை அதிலுள்ள ஒட்டுச்சீட்டிலோ கையேட்டிலோ பார்த்து, உடம்பின் எடையோடு கையில் எடுத்துச் செல்வதையும் கூட்டிக் கணக்கிடவேண்டும். ஏறுமுன் இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கிப் பாருங்கள். திருகாணியைச் சுற்றி சீலன்ட் விலகியிருந்தாலோ ஏணி அசைந்தாலோ அதில் ஏறக்கூடாது. தண்ணீர்க் குழாயோடு ஏறுவது எந்த நிலையிலும் கூடாது. மேலே போனபின் கயிற்றால் இழுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பக்கங்களை ஒருவாறு சமாளிக்கிறேன். முன் முகப்புதான் பெரும்பாடு. வண்டியோடு இணைக்கும் முக்கோணச் சட்டமும் புரொப்பேன் சிலிண்டர்களும் பேட்டரியும் முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால் ஏணியை அருகில் வைக்கவே முடியவில்லை. சட்டத்தின்மேல் ஏறி நின்று செய்கிறேன். வேறு வழி உண்டா?
— ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: உண்டு, இன்றே மாற்றிக்கொள்ளுங்கள். முக்கோணச் சட்டம் சில அங்குல அகல இரும்புக் குழாய்தான். ஈரமான இரும்பில் பாதத்தின் குறுக்களவில் நின்று, தலைக்குமேல் கையை உயர்த்தித் தேய்ப்பது இந்த முழு வேலையிலும் மிக ஆபத்தான நிலை; கீழே விழுந்தால் சமதரையில் விழமாட்டீர்கள், ஜாக்கின் கைப்பிடிமேலோ கொக்கிமேலோ விழுவீர்கள். சிலிண்டர்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறைமேல் கால் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது ஒரு குழந்தையின் எடையைக்கூடத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல.

சட்டத்தின் இருபுறமும் ஒவ்வொரு மேடைக்கால் வைத்து, சட்டத்துக்கு மேலாகக் குறுக்கே நடைபலகை போடுவதுதான் சரியான வழி. நடைபலகை என்று நான் சொல்வது சாரத்துக்கென்றே எடை குறித்து விற்கப்படும் அலுமினியப் பலகையை. வீட்டில் கிடக்கும் பழைய மரப்பலகை வேண்டாம், அதன் உள்ளே இருக்கும் கணு எங்கே முறியும் என்று யாருக்கும் தெரியாது. மூட்டுகளில் மடங்கிப் பல வடிவம் எடுக்கும் ஏணிகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை இரண்டு குட்டை மேடைக்கால்களாகப் பிரித்து, நடுவே பலகை போடத் தயாரிப்பாளரே வகை செய்திருப்பார். அப்படிச் செய்யலாம் என்று கையேட்டில் இருந்தால் மட்டுமே செய்யுங்கள். பலகையின் உயரம் சிலிண்டர் உறையைத் தாண்டினால் போதும். மூன்றடி வரை வரும். அங்கே நின்றால் முகப்பின் பெரும்பகுதி நெற்றி உயரத்துக்குள் வந்துவிடும். உச்சியில் வளைந்து கூரையோடு சேரும் இடத்துக்குக் கழியும் மைக்ரோஃபைபர் துடைப்பமும் போதும்.

பிக்கப் வண்டியோடு டிரெய்லரை இணைத்தபடியே வைத்து, வண்டியின் சரக்குத் தட்டில் நின்று முகப்பைத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். தட்டின் தரையில் நின்று, கைக்கெட்டும் வரை துடைப்பதில் பெரிய குற்றமில்லை. பின்கதவைத் திறந்து அதன் விளிம்பில் நிற்பதும், பக்கச் சுவரின்மேல் ஏறுவதும்தான் விபத்தில் முடிகிறது. எந்த முறையானாலும் டிரெய்லரின் சக்கரங்களுக்கு இருபுறமும் தடுப்புக் கட்டை வைத்து, நான்கு மூலை ஜாக்குகளையும் இறக்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். இணைக்காமல் நிற்கும் டிரெய்லர் சற்றே அசைந்தாலும் அதில் சாய்ந்திருக்கும் உடம்பு நிலைகுலையும்.

உங்கள் ஊர் வெயிலுக்காக இன்னொன்றும் சொல்லவேண்டும். முகப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அன்று வாக்ஸ் வேண்டாம். சூடான பரப்பில் அது உடனே காய்ந்து இறுகிவிடும்; இறுகியதை எடுக்க இரட்டிப்பு வலுக்கொடுக்க வேண்டியிருக்கும்; உயரத்தில் நிற்பவர் கூடுதல் வலுக்கொடுப்பதே தவிர்க்கவேண்டியது. விடியற்காலையில் கழுவி, முகப்பு நிழலில் இருக்கும் நேரத்தில் இரண்டடி மூன்றடிப் பரப்பாகப் போட்டு முடியுங்கள்.

கேள்வி: பிரஷர் வாஷரால் தரையிலிருந்தே அடித்துக் கழுவிவிட்டால் ஏறும் வேலையே இல்லையே?
— ஒரு வாசகர், பிராம்ப்டன்

பதில்: ஏறும் வேலை இல்லாமல் போகும், ஆனால் சீலன்ட்டும் போய்விடலாம். அழுத்தமான நீர், சன்னல் ஓரங்களிலும் விளக்குகளைச் சுற்றியும் உள்ள பூச்சைக் கிளப்பி உள்ளே புகும். ஒட்டுப்படங்களின் விளிம்பைப் பிய்த்தெடுக்கும். தரையிலிருந்து மேல்நோக்கி அடிக்கும்போது, மழை வரும் திசைக்கு நேர் எதிராக நீர் பாய்வதால், மழையைத் தடுக்கவே செய்யப்பட்ட மடிப்புகள் அதைத் தடுக்காது. குளிர்சாதனப் பெட்டியின் வெளித்துளைக் கதவுக்குள் நீர் போனால் மின்பாகங்கள் கெடும். அகலமாக விசிறும் முனையைப் போட்டு, மூன்றடிக்குக் குறையாமல் தள்ளி நின்று, சக்கரங்களையும் அடிச்சட்டத்தையும் மட்டும் கழுவுங்கள். அந்தக் கருவியோடு ஏணியில் ஏறக்கூடாது. விசையை அழுத்தியவுடன் அது பின்னால் உதைக்கும்.

கேள்வி: பளபளக்கும் அலுமினிய உடல் கொண்ட பழைய ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறோம். நீங்கள் சொல்வது இதற்கும் பொருந்துமா?
— ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: மேடையைப் பற்றிச் சொன்னவை அப்படியே பொருந்தும். கூரையில் நடப்பது மட்டும் உங்களுக்கு அறவே இல்லை. வளைந்த மெல்லிய அலுமினியத் தகட்டில் முழங்கால் பட்டாலே பள்ளம் விழும். விழுந்த பள்ளத்தை எடுப்பது கடினம், வளைவில் கால் வழுக்குவது எளிது. அதே காரணத்தால் ஏணியைத் தகட்டின்மேல் சாய்க்கவும் கூடாது. தானாக நிற்கும் மேடை ஏணியோ சாரமோதான் உங்களுக்கு ஏற்றது. தகட்டின் நீளவாக்கில், முன்னிருந்து பின்னாக மட்டும் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் ஒவ்வொரு வட்டமும் வெயிலில் தெரியும். நேர்கோட்டில் இழுக்கும்போது ஆள் தொடர்ந்து நகரவேண்டியிருப்பதால், ஏணியின் ஒற்றைப் படியில் நின்று இதைச் செய்யவே முடியாது. நீண்ட பலகை கட்டாயம்.

கேள்வி: சாரம் வைக்க இடமில்லாத குறுகிய டிரைவ்வே எங்களுடையது. கட்டாயம் ஏணிதான் என்றால் எந்த ஏணி, எப்படி?
— ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: இடம் குறுகலானால், முதலில் டிரெய்லரை வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். லாரிகளைக் கழுவும் நிலையங்கள் பல டிரெய்லர்களையும் ஏற்கின்றன. நாமே கழுவிக்கொள்ளும் சில நிலையங்களில் உயர்ந்த வாகனங்களுக்காகவே பக்கவாட்டில் கம்பி போட்ட நடைமேடை உண்டு. கழிவுநீர்ச் சிக்கலும் அங்கே தீர்ந்துவிடும். பல நகராட்சிகள் சோப்புத் தண்ணீரைத் தெருவின் மழைநீர் வடிகாலில் விடுவதை அனுமதிப்பதில்லை.

ஏணிதான் என்றால், சாய்க்கும் ஏணியைவிட மேடை ஏணி நல்லது: மேலே அகலமான நிற்குமிடமும், அதைச் சுற்றி இடுப்பளவுக் கம்பியும் உள்ள வகை. நான்கடி மேடை உங்களுக்குப் போதும். ஏணிகள் தாங்கும் எடையைப் பொறுத்துத் தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மலிவானது 200 பவுண்டும், அடுத்தடுத்த தரங்கள் 225, 250, 300 பவுண்டும் தாங்கும். உங்கள் எடையோடு ஈர உடை, வாளி, கருவி எல்லாவற்றையும் கூட்டியபின் ஒரு தரம் மேலாகவே வாங்குங்கள். மின்கம்பி வீட்டுக்குள் வரும் பாதை உங்கள் டிரைவ்வேயின் மேலாகப் போகிறதா என்று தலை நிமிர்ந்து பாருங்கள். போனால் அலுமினிய ஏணியும் அலுமினியக் கழியும் வேண்டாம், ஃபைபர்கிளாஸ் வாங்குங்கள். அதையும் கம்பியிலிருந்து பத்தடிக்குள் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் விடுமுன் டிரெய்லரின் மின்வடத்தையும் கழற்றிவிடுங்கள்.

கூரையோரத்தைப் பார்க்க ஏணியைச் சாய்த்தே ஆகவேண்டுமானால், நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அடியைத் தள்ளி வையுங்கள். பத்தடிக் கூரைக்கு இரண்டரை அடி. ஏணியின் அடியில் கால்விரல்களை வைத்து நிமிர்ந்து நின்று கைகளை நேராக நீட்டினால், உள்ளங்கை எதிரிலுள்ள படியைத் தொடவேண்டும். அதுவே சரியான சாய்வு. கூரைமேல் கால் வைத்து இறங்குவதானால் ஏணி கூரைக்கு மேல் மூன்றடி நீண்டிருக்கவேண்டும். அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் இலவசமாக வெளியிட்ட ஏணிப் பாதுகாப்புக் கைப்பேசிச் செயலி ஒன்று உண்டு; கைப்பேசியை ஏணியோடு ஒட்டி வைத்தால் சாய்வு சரியா என்று சொல்லும். ஏணியைச் சன்னலிலோ ஆனிங் (வெயில்மறைப்பு) தண்டவாளத்திலோ மழைநீர் வாய்க்காலிலோ சாய்க்காமல், மேல்முனையில் அகலக் கைகளும் இரப்பர் திண்டுகளும் பொருத்திச் சுவரில் சாய்க்கவேண்டும். வெளியே இழுத்து நீட்டும் ஸ்லைடு அவுட் அறையின்மேல் சாய்க்கவே கூடாது.

பலரும் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு. புதிதாக வாக்ஸ் போட்ட சுவர் கண்ணாடிபோல் வழுக்கும். அதில் சாய்த்த ஏணியின் மேல்முனை, ஆள் ஒரு பக்கம் எட்டியவுடன் பக்கவாட்டில் சரியும். எனவே சாய்க்கும் ஏணி தேவைப்படும் வேலை அனைத்தையும் வாக்ஸுக்கு முன்பே முடித்துவிடுங்கள். வேலை நடக்கும்போது தொப்புள் ஏணியின் இரு பக்கச் சட்டங்களுக்கு உள்ளேயே இருக்கவேண்டும். அது வெளியே போகும் அளவுக்கு எட்டவேண்டியிருந்தால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். படி ஏணியானால் உச்சித் தட்டிலும் அதற்கு அடுத்த படியிலும் நிற்கக்கூடாது. ஏணியை ஒவ்வொரு முறை நகர்த்துமுன்பும் தரையிலுள்ள சோப்பை அலசித் தள்ளுங்கள். ஏணிக்காலின் இரப்பர் சோப்பு படிந்த கான்கிரீட்டைப் பிடிக்காது. வேலை முடியும் வரை கீழே ஒருவர் இருக்கட்டும். ஏணியைப் பிடிப்பதும், நனைந்த துணியை வாங்கி உலர்ந்ததைக் கொடுப்பதும் அவர் பொறுப்பு.